"கால் விறைக்குது" என்பதை டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

தங்கச்சி, வவுனியாவில் இருந்து கனடாவுக்கு வந்த அம்மாவை ஸ்காபரோவில் குடும்ப டொக்டரிடம் கூட்டிப்போனதாக எழுதியிருந்தீர்கள். அம்மா விறைக்குது, மரக்குது, உணர்ச்சியில்லை என்று பலவிதமாகச் சொல்ல, நீங்கள் எல்லாவற்றையும் "நம்னஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். டொக்டரும் சொக்ஸைக்கூடக் கழற்றச் சொல்லாமல் அனுப்பிவிட்டார். அடுத்த முறை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் கேள்வி. அப்பா போன பிறகு அம்மாவுக்கு அழுகையே வரவில்லை என்பதையும் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கும் பதில் சொல்கிறேன்.

நம் வயதானவர்களோடு இங்கே நிறையக் கிளினிக்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அடிக்கடி தடம் மாறுவது விறைப்பு என்ற சொல்லில்தான். நம் ஊரில் விறைத்துப்போனால் தொட்டாலும் கிள்ளினாலும் தெரியாது. பல்லுப் பிடுங்க முன் போடுவதும் விறைப்பூசிதானே. தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் மடங்காமல் இறுகி நிற்பது. போனில் வரும் மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரராக இருந்தால், அம்மா "கால் விறைக்குது" என்பார், அவர் "ஸ்டிஃப்" என்பார், டொக்டர் மூட்டு வாதமாக்கும் என்று முழங்காலை மடக்கிப் பார்ப்பார். யாரிலும் பிழையில்லை, ஆனால் நரம்பைப் பார்க்க வேண்டிய நேரம் மூட்டோடு போய்விடும். அதனால் "மரத்துப்போகுது, தொட்டால் தெரியுதில்லை" என்று சொல்ல அம்மாவைப் பழக்குங்கள். அது கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகவே விளங்கும்.

அடுத்தது, தெரியாமல் போவது வேறு, தாறுமாறாகத் தெரிவது வேறு. எறும்பு ஊருது, ஊசி குத்துது என்றால் "டிங்ளிங்" என்று சொல்லுங்கள். எரிவை எரிவு என்றே சொல்லுங்கள். தொடுவதே தெரியாத இடத்துக்கு மட்டும் "நம்னஸ்" என்ற சொல்லை வையுங்கள். சீனி வருத்தக்காரருக்கு இவை எல்லாம் கலந்தும் வரும். பெரும்பாலும் இரண்டு காலிலும், விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும்.

சொல்லைவிட அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னால் டொக்டருக்குச் சட்டென்று பிடிபடும். செருப்புக் கழன்றது தெரியாமல் நடந்துபோனாரா? தண்ணியின் சூடு கைக்குத் தெரிந்து காலுக்குத் தெரியாமல் போனதா? சப்பாத்துக்குள் கல் கிடந்ததை இரவில்தான் கண்டாரா? எந்த விரல், எப்போதிருந்து, இரவில் கூடுகிறதா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் வரமுன்பே சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டு அம்மாவை இருக்க வையுங்கள். வெறுங்காலைக் கண்டால் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அங்கே ஒரு சோதனை செய்வார்கள். அதற்கும் அம்மாவைத் தயார்ப்படுத்துங்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலோன் இழை ஒன்றைப் பெருவிரலிலும் உள்ளங்காலிலும் அது வளையும் வரை அழுத்துவார்கள். 10 கிராம் பாரத்துக்கு வளையும் இழை அது. தெரிந்தால் சொல்ல வேண்டும். நம் அம்மாமார் டொக்டருக்கு மரியாதையாக "ஓம், ஓம்" என்றுகொண்டே இருப்பார்கள். அப்படிச் சொன்னால் காலில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிடுவார்கள். தெரிந்தால் மட்டும் ஓம், இல்லாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். சீனி வருத்தம் இருந்தால் வருடம் ஒருமுறையாவது இதைக் கேட்டு வாங்குங்கள். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் குளிசையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 விற்றமின் குறைந்தும் கால் மரக்கலாம். அதற்கு இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

ஒரு பக்க முகமோ கையோ காலோ திடீரென்று மரத்தால் டொக்டரின் அப்பொயின்ற்மென்றுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே 911. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பொதுவாகக் கொடுப்பார்கள்.

வரப்போவது அம்மாவின் முதல் பனிக்காலம். குளிரில் விரல் முதலில் நோகும், பிறகு நோவு நின்றுவிடும். அம்மா அதைச் சுகம் வந்துவிட்டதென்று நினைப்பார், ஆனால் அதுதான் பயப்பட வேண்டிய நேரம். காற்றோடு சேர்த்து குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மரத்த விரலைத் தேய்க்கவும் வேண்டாம், ஹீற்றரில் காட்டவும் வேண்டாம். சூடு தெரியாத தோல் வெந்தாலும் தெரியாது. சுடுதண்ணிப் பையைக் காலுக்கு வைத்துக்கொண்டு படுக்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

சரி, அந்தக் கடைசி வரி. "எனக்கு ஒண்டும் தெரியேல்லை, அழவும் வருதில்லை" என்று அம்மா சொன்னதைக் கால் கதையோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். "உணர்ச்சியில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் டொக்டர் காலைத்தான் திரும்பப் பார்ப்பார். அதற்கென்று தனி அப்பொயின்ற்மென்ற் எடுங்கள். அங்கேயும் நடந்ததையே சொல்லுங்கள்: கோயிலுக்குப் போக மனமில்லை, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலருதில்லை, சாப்பாட்டில் ருசி தெரியுதில்லை, விடியப்புறம் முழித்துவிடுகிறார். கடந்த இரண்டு கிழமையில் எதிலாவது ஆர்வம், சந்தோஷம் இருந்ததா என்று டொக்டரும் கேட்பார். போரையும் முகாமையும் கடந்து வந்தவர்களில் இப்படி மனம் மரத்துப்போனவர்கள் பலர் இருக்கிறார்கள். இதற்கு வைத்தியம் இருக்கிறது.

சொந்தக்காரர்கள் "கல்லு மாதிரி இருக்கிறா, புருசன் செத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, நெஞ்சில ஈரமில்லை" என்று கதைப்பார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். இரக்கமில்லாதவரைச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தாங்க முடியாமல் மரத்துப்போன மனுசியின் மேல் போடுகிறார்கள். அம்மாவின் காதில் விழ முன் நீங்களே அவர்களை நிறுத்துங்கள்.

இங்குள்ள மருத்துவமனைகள் பலவற்றில் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள். சின்னக் கிளினிக்குகளில் இல்லாமலும் இருக்கலாம், முன்கூட்டியே கேளுங்கள். இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கால் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். மனதைப் பற்றிப் பேசும்போது மொழிபெயர்ப்பாளரிடம் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். மகள் முன்னால் சொல்லாததை அம்மா அவரிடம் சொல்லக்கூடும்.