இறுக்கிய பின்னும் கழரும் இறப்பர் பட்டி

தென்மராட்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பழைய நெல் அறுவடை இயந்திரம் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறேன். இந்தக் காலபோகத்தில், சில்லுக்குப் பதிலாக அது ஓடும் இறப்பர் பட்டிகளில் இடப்பக்கத்தது மூன்று முறை கழன்றுவிட்டது. கனடாவில் ஸ்நோமொபைல் (பனியில் ஓடும் பட்டி வண்டி) வைத்திருக்கும் என் மச்சான், பட்டி ஒதுங்கும் பக்கத்து ஆணியை இறுக்கச் சொன்னார். முடிந்த மட்டும் இறுக்கியும் பயனில்லை. புதுப் பட்டி வாங்க வேண்டுமா?”

பணத்தைச் செலவழிக்குமுன் சற்றுப் பொறுங்கள். உங்கள் மச்சான் சொன்னது அவருடைய வண்டிக்கு முற்றிலும் சரி. ஸ்நோமொபைலில் இருப்பது ஒரே அகலமான பட்டி. அதன் பின் அச்சின் இரு முனைகளிலும் தனித்தனி ஆணிகள் உண்டு. பட்டி தளர்ந்த பக்கமாகவே ஒதுங்கும் என்பதால், அந்தப் பக்கத்து ஆணியைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, ஓடவிட்டுப் பார்த்து நடுவுக்குக் கொண்டுவருவார்கள். அறுவடை இயந்திரத்திலோ இரண்டு பட்டிகள். ஒவ்வொன்றுக்கும் இழுவையைக் கூட்டிக் குறைக்க ஒரே ஓர் ஆணி. அந்த ஆணி பின் சக்கரத்தை நேர்கோட்டில் பின்னுக்குத் தள்ளுமே தவிர, இடமாகவோ வலமாகவோ திருப்பாது. சக்கரம் சரிந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பட்டி சரிவாகவே ஓடும். மிகையான இழுவையால் பெயரிங்கும், பட்டியை ஓட்டும் பற்சக்கரமும் விரைவில் தேய்ந்துபோகும்.

ஆகவே, தேட வேண்டியது சரிவின் காரணத்தை. இயந்திரத்தை இறுகிய தரைக்குக் கொண்டுவந்து, சேற்றையும் சுற்றியிருக்கும் வைக்கோலையும் முழுதாகக் கழுவி அகற்றுங்கள். சேறு அடைந்திருப்பதே சில வேளைகளில் முழுக் காரணமாகவும் இருக்கும். பின்னர் இடப்பக்கத்தை உயர்த்தி, ஜக்கை மட்டும் நம்பாமல், சட்டத்துக்கடியில் தடித்த மரக்குற்றிகளை முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்துங்கள். ஆணியைச் சற்றுத் தளர்த்தி, பின் சக்கரத்தின் அடியில் அலவாங்கைக் கொடுத்து மேலும் கீழும், உள்ளும் புறமும் நெம்பிப் பாருங்கள். சக்கரம் கடகடவென ஆடினாலோ, அச்சைச் சுற்றி எண்ணெய் கசிந்து சேறு கறுத்திருந்தாலோ, பெயரிங் போய்விட்டது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைக் கொண்டு பார்த்தால் என் முதற் சந்தேகம் இதன்மேல்தான்.

அங்கே குறையில்லையென்றால், மேசன் சுவருக்குப் பிடிப்பதுபோல, முன் பற்சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இடையிலுள்ள உருளைகள் அதே கோட்டில் நிற்கின்றனவா எனப் பாருங்கள். பட்டியின் உட்புறத்து இரும்புத் துண்டுகளில் ஒரு பக்கம் மட்டும் பளபளவெனத் தேய்ந்திருந்தால், எந்தப் பக்கம் உரசுகிறது என்பதை அந்த மினுக்கமே காட்டிவிடும். வயல் ஓரத்துப் பனை அடிக்கட்டையில் எப்போதாவது மோதியிருந்தால் சட்டமே வளைந்திருக்கலாம். அதை வெல்டிங் வேலைத்தலத்தில்தான் நிமிர்த்த முடியும்.

பழுதைத் திருத்திய பின், இயந்திரக் கைந்நூலில் உங்கள் மாதிரிக்குச் சொல்லப்பட்ட தொய்வு அளவுக்கு இரு பட்டிகளையும் இறுக்குங்கள். உயர்த்திய நிலையிலேயே மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, மீண்டும் அளந்த பிறகே பூட்டு நட்டை முடுக்குங்கள். பட்டி சுழலும்போது யாரும் அருகில் நிற்கக்கூடாது. கையை வைத்துத் தள்ளிச் சரிசெய்ய முனைவதைத் தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஓட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பற்சக்கரம் முன்னால் இருக்கும் இயந்திரம் பின்னோக்கி வரும்போது பட்டியின் மேற்பகுதி தளர்கிறது. அந்த நேரத்தில் சேற்றில் நின்ற இடத்திலேயே திருப்பினால், நல்ல பட்டியும் கழரும். வரம்பைச் சரிவாக ஏறாமல் நேராகக் கடந்து, முழு இயந்திரமும் சமதரைக்கு வந்த பின் அகலமாகத் திருப்புங்கள்.

இனிப் புதுப் பட்டி பற்றி. இரு பட்டிகளிலும் அடுத்தடுத்த 10 இரும்புத் துண்டுகள் அடங்கும் நீளத்தை நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். இடப்பக்கம் தெளிவாக நீண்டிருந்தால் உள்ளிருக்கும் உருக்குக் கம்பிகள் விட்டுப்போயின என்று பொருள். கடனீரேரியை அண்டிய உவர் வயல்களில், இறப்பர் வெடிப்புகளின் வழியே உப்புநீர் இறங்கிக் கம்பிகளை அரித்துவிடும். அப்படியானால் மட்டும் பட்டியை மாற்றுங்கள். பெயரிங்கும் போயிருந்தால், அதை முதலில் மாற்றிய பிறகு.