டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் ஏறும் வழியில் ரோபோட் (போக்குவரத்து விளக்கு) வைத்தால் நெரிசல் குறையுமா? டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகர மன்றம் அதை ஆதரிக்கலாமா?

குறையும். ஆனால் வண்டிகள் வரிசையில் நிற்க இடம் இருக்க வேண்டும்.

காலையில் இருபது வண்டிகள் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் நுழைந்தால், இடப்பக்கத் தடத்தில் வருபவர் பிரேக் அடிப்பார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் பலமாக அடிப்பார். அந்த அலை பின்னோக்கிப் பரவி சாலையையே நிறுத்திவிடும். ஏறுவழி ரோபோட் ஒரு பச்சைக்கு ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் விட்டு இதைத் தடுக்கிறது. 1963-இல் சிகாகோவில் வந்த முறை இது. 2000-இல் மினியாபொலிஸ் பகுதியில் சுமார் 430 விளக்குகளைச் சில வாரங்கள் அணைத்துப் பார்த்தார்கள். விபத்துகள் 26 விழுக்காடு கூடின, பயண நேரமும் 22 விழுக்காடு நீண்டது.

சரி, காத்திருக்கப் போவது யார்? நம் ஊர்க்காரர்கள்தான். வரிசை நீண்டு நம் ஊர்ச் சாலையான ஹிகின்சன் நெடுஞ்சாலையை அடைத்தால், தொலைவிலிருந்து வருபவரின் வேகத்துக்கு சாட்ஸ்வொர்த் விலை கொடுக்கும். அது நியாயமே இல்லை. அதனால் வரிசை நீளும்போது பச்சையை அடிக்கடி தரும் உணர்கருவி கட்டாயம் வேண்டும். ஆட்கள் நிறைந்து வரும் மினிபஸ் டாக்சிகளுக்குத் தனித் தடமும் கேட்பேன்.

அப்புறம், என்2 தேசியச் சாலை. தேசியச் சாலைகளை நிர்வகிக்கும் சான்ரல் நிறுவனம் சம்மதிக்காமல் மன்றம் தனியாக எதுவும் செய்ய முடியாது.