வாசகர் கேள்வி – பதில்: ரோமானியப் படைவீரர் கதைகள்

கேள்வி: பண்டைய ரோமானியப் படையைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவல்களை விரும்பிப் படிக்கிறேன். ஆனால் சிலவற்றைப் படித்து முடித்ததும் எல்லாப் போர்க்களமும் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கிவிட்டது. சலிப்புத் தட்டாமல் இருக்க எத்தகைய நாவல்களைத் தேடுவது?

பதில்: போர் இல்லாத நாட்களை ஆசிரியர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பேரரசின் தொடக்கக் காலத்தில் லெஜியன் எனப்படும் பெரும் படைப்பிரிவைச் சேர்ந்த வீரன் ஒருவன் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி சாலை போடுவதிலும், காவல் நிற்பதிலும், நாள் முழுதும் நடந்துவிட்டு மாலையில் அகழி வெட்டி முகாம் அமைப்பதிலும் கழிந்தது. வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரத்தகடுகளில் அந்த வாழ்க்கை மையெழுத்தாகவே எஞ்சியிருக்கிறது. காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதைச் சொல்லும் கடிதம், அதிகாரியின் மனைவி தன் தோழிக்கு எழுதிய பிறந்தநாள் அழைப்பு ஆகியவற்றோடு ஒரு படை இருப்புக் கணக்கும் அங்கே உண்டு. அதன்படி 752 பேர் கொண்ட துணைப்படை அணியில் 456 பேர் வெவ்வேறு வேலைகளாக வெளியே போயிருக்கிறார்கள். கோட்டையில் இருந்த 296 பேரில் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்நோய். ஆறு நூற்றுவர் தலைவர்களில் ஐவர் வெளியே சென்றுவிட, எஞ்சிய ஒருவர் கோட்டையை எப்படிக் கட்டிக் காத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்; ஒரு வாளும் உருவப்படாமலே நல்ல நாவல் ஒன்றுக்கான கரு அதில் இருக்கிறது.

மோதல்தான் வேண்டும் என்றாலும் அதை எல்லைக்கு அப்பால் தேட வேண்டியதில்லை. கி.பி. 14-ல் பேரரசர் ஆகஸ்டஸ் இறந்த செய்தி எட்டியதும், டான்யூப் ஆற்றை ஒட்டிய பன்னோனியா மாகாணத்தில் முகாமிட்டிருந்த மூன்று லெஜியன்கள் கலகத்தில் இறங்கின. நாளொன்றுக்குப் பத்து ஆஸ் காசுதான் கூலி, அதிலும் உடுப்புக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் பிடித்தம், கடும்பணியிலிருந்து தப்ப வேண்டுமானால் நூற்றுவர் தலைவருக்கு லஞ்சம் என்று வீரர்கள் அடுக்கிய குறைகளை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். வீரர்களின் முதுகில் திராட்சைக் கொடிப் பிரம்பை முறித்துவிட்டு மீண்டும் மீண்டும் வேறு பிரம்பு கேட்டதால் ‘இன்னொன்று கொண்டா’ என்று பட்டப்பெயர் பெற்ற லூசிலியஸ் என்னும் நூற்றுவர் தலைவர் அந்தக் கலகத்தில் கொல்லப்பட்டார். கலகத்தை அடக்குவதற்குத் துணையாக வந்தது, தீய சகுனமென்று வீரர்களை மிரளவைத்த ஒரு சந்திர கிரகணம். கற்பனையாக ஒருவர் இப்படி எழுதியிருந்தால் நாமே நம்ப மறுத்திருப்போம்.

கேள்வி: பதவிப் பெயர்களும் படைப்பிரிவுகளும் குழப்புகின்றன. முதலில் அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு கூடாரத்தில் எட்டுப் பேர், ஒரு நூற்றுவர் தலைவரின் கீழ் (பெயரில் நூறு இருந்தாலும்) எண்பது பேர், ஒரு லெஜியனில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் என்பது போதும். மீதியைக் கதைக்குள்ளேயே புரியவைப்பது ஆசிரியரின் கடமை.

கேள்வி: ஒன்பதாவது லெஜியன் பிரிட்டனின் வடக்குப் பனிமூட்டத்துக்குள் புகுந்து தடயமின்றி மறைந்தது என்று படித்தேன். இது உண்மையா?

பதில்: மறைந்தது உண்மை, எங்கே, எப்படி என்பதில் நாவலாசிரியர்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பிரிட்டனில் அந்த லெஜியனைப் பற்றிக் கிடைக்கும் காலம் குறித்த கடைசிச் சான்று, கி.பி. 108 அளவில் யார்க் நகரக் கோட்டை வாயிலுக்காக வெட்டப்பட்ட கல்வெட்டு. ஆனால் அதன் முத்திரை பதித்த ஓடு இன்றைய நெதர்லாந்தின் நைமேகனிலும் கிடைத்திருப்பதால், பிரிட்டனிலேயே அழிந்தது என்ற கதை இப்போது முன்போல் உறுதியாக நிற்பதில்லை. பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ் (கி.பி. 161–180) காலத்தைச் சேர்ந்த லெஜியன்களின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. (மேலே சொன்ன பன்னோனியக் கலகத்தில் இறங்கிய மூன்றில் இதுவும் ஒன்று.) பனிமூட்டக் கதையை ரசிப்பதற்கு இவை எதுவும் தடையில்லை; ஆசிரியர் பின்னுரையில் உண்மை நிலையைச் சொல்லிவிட்டால் சரி.

கேள்வி: இவை ஆக்கிரமித்தவர்களின் பக்கம் நின்று சொல்லப்படும் கதைகள்தானே? அவற்றை ரசிப்பது நெருடலாக இருக்கிறது.

பதில்: நெருடல் நியாயமானது. ஊர் எரிவதையும் மக்கள் அடிமைகளாக விற்கப்படுவதையும் ஒரே வரியில் கடந்துவிட்டு, வீரர்களின் தோழமையை மட்டும் பக்கம் பக்கமாகப் புகழும் நாவல்கள் இருக்கின்றன. அவற்றை நான் பாதியில் மூடிவிடுவேன். ஆனால் அந்தப் படைக்குள் வென்றவர்கள் மட்டும் இருக்கவில்லை. துணைப்படைகளில் பெரும்பாலோர் வெல்லப்பட்ட இனங்களைச் சேர்ந்தவர்கள். இருபத்தைந்து ஆண்டுப் பணிக்குப் பிறகே அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. கி.பி. 9-ல் இன்றைய ஜெர்மனியின் டியூட்டோபர்க் காட்டில் மூன்று லெஜியன்களை அழித்த ஜெர்மானியத் தலைவர் ஆர்மினியஸ், ரோமானியப் படையில் பணியாற்றிக் குடியுரிமை பெற்றவர். அவருடைய தம்பி ஃப்ளாவஸோ கடைசிவரை ரோமின் பக்கமே நின்றார். கி.பி. 16-ல் வேசர் ஆற்றின் இரு கரைகளில் நின்று இருவரும் வாதிட்டதை டாசிட்டஸ் விவரிக்கிறார். ரோமுக்காகப் போரிட்டு ஒரு கண்ணை இழந்திருந்த தம்பி, தனக்குக் கிடைத்த ஊதிய உயர்வையும் விருதுகளையும் எடுத்துச் சொல்ல, அவை அடிமைத்தனத்துக்குக் கிடைத்த மலிவான கூலி என்று அண்ணன் ஏளனம் செய்கிறார். இந்தச் சச்சரவில் இருவருக்கும் சமமான நியாயம் தரத் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால், அவருடைய புத்தகத்தைத் தயங்காமல் வாங்குங்கள்.