வயலை மட்டமாக்க லைடார் அளவை தேவையா?

கேள்வி: கிளிநொச்சி அக்கராயனில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். மேற்குப் பக்கம் திட்டி, கிழக்கு மூலை பள்ளம். பள்ளத்தில் முளை அழுகுகிறது, திட்டியில் நெற்சப்பிக் களை மூடுகிறது. ட்ரோனில் லைடார் பூட்டி அளந்து படம் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அந்தக் காசை மண்ணை நகர்த்த வைத்திருங்கள்.

லைடார் நல்ல கருவிதான். லேசர் ஒளியைத் துடிப்பாக அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். நூற்றுக்கணக்கான ஏக்கர் வயல்வெளி, வற்றிய குளத்தின் அடி போன்றவற்றை அளக்க அதுதான் சரி. வற்றிய குளம் என்று சொல்லக் காரணம், நிலமளக்கும் சாதாரண லைடாரின் அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஆனால் ட்ரோன் அளவையில் உயரம் சில சென்ரிமீற்றர் பிழைக்கலாம், அடிக்கட்டையும் குழப்பும். நெல் வயலில் அந்தச் சில சென்ரிமீற்றர்தான் பிரச்சினையே.

தண்ணீரே உங்களுக்கு அளந்து தரும். திட்டி மூடும்வரை தண்ணீர் கட்டி, காற்று அடங்கிய காலையில் பத்து மீற்றருக்கு ஒரு இடமாகத் தடியால் ஆழம் பார்த்துக் கொப்பியில் குறியுங்கள். மூன்று ஏக்கருக்கும் சுமார் 120 இடங்கள் வரும். ஒவ்வொரு வரம்புக்குள்ளும் தனித்தனியே சராசரி எடுங்கள். சராசரியை விட ஆழம் குறைந்த இடத்தை வெட்டி, கூடிய இடத்தை நிரப்ப வேண்டும்.

வித்தியாசம் 15 சென்ரிமீற்றர் என்றால், திட்டியில் 5 நிற்கப் பள்ளத்தில் 20 நிற்க வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீரே சுமார் 40,000 லீற்றர். சிறுபோகத்தில் பங்கு போட்டு விடும் குளத்துத் தண்ணீர் இப்படிப் போகலாமா?

வெட்டி நிரப்ப, லேசர் மட்டப்படுத்தும் வாளி பூட்டிய பெரிய உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடியுங்கள். வரம்பில் முக்காலியில் சுழலும் லேசர் கிடைமட்டமாக ஒரு தளம் காட்டும். வாளியின் கம்பத்தில் உள்ள லேசர் உணரும் கருவி அதைப் பார்த்து வாளியைத் தானே ஏற்றி இறக்கும். ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்குள் மட்டமாகும். அறுவடைக்குப் பிறகு, நன்றாகக் காய்ந்து உழுத மண்ணில்தான் செய்யலாம். அயல் வயல்காரரையும் சேர்த்துக்கொண்டால் வாடகை குறையும்.

ஓரிடத்தில் 15 சென்ரிமீற்றருக்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் வெட்டாதீர்கள். மேல்மண் போய்விடும். நடுவில் ஒரு வரம்பு போட்டு வயலை இரண்டாக்குங்கள். வெட்டிய பக்கத்துக்கு மாட்டெருவோ கூட்டெருவோ கூடப் போடுங்கள்.

அப்புறம், நீண்டகாலம் உழாமல் கிடந்த ஓரங்களில் வாளியை இறக்குமுன் நன்றாக விசாரியுங்கள். யுத்தம் நடந்த நம் மண்ணில் என்ன வெடிபொருள் புதைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

நிரப்பிய மண் முதல் காலபோகத்தில் கொஞ்சம் அமுங்கும். அறுவடை முடிந்ததும் மறுபடி தண்ணீர் கட்டித் தடி போட்டுப் பாருங்கள்.