ஐந்து முறை தோற்ற பேராசிரியர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். குடியுரிமை பெற்ற பிறகு முதன்முறையாக 2018 நவம்பரில் வாக்களிக்கச் சென்றபோது, செனட் தேர்தல் வாக்குச்சீட்டில் முர்ரே சாப்ரின் என்ற பெயரைப் பார்த்தேன். ராமபோ கல்லூரியில் நிதியியல் கற்பிப்பவர் என்றும், 1997 முதல், அரசின் அதிகாரம் குறைய வேண்டும் என்னும் லிபர்டேரியன் கட்சி சார்பில் மீண்டும் மீண்டும் நின்று தோற்பவர் என்றும் நண்பர்கள் சொன்னார்கள். வட்டியையும் இடர்ப்பாட்டையும் வகுப்பில் கணக்கிட்டுக் காட்டுகிற ஒருவருக்குத் தன் வெற்றி வாய்ப்பு பூஜ்யம் என்பது தெரியாதா? அரசைக் குறைக்கச் சொல்பவர் அரசுக் கல்லூரியில் சம்பளம் வாங்குவதும் எனக்கு விளங்கவில்லை. வெறும் விளம்பர ஆசை என்றே படுகிறது. ஓட்டைப் பிரிப்பதைத் தவிர இப்படிப்பட்டவர்களால் என்ன பயன்?

எஸ்.
எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு திருத்தம். சாப்ரின் ஐந்து முறை நின்றார். அவற்றில் இரண்டு முறைதான் லிபர்டேரியன் கட்சி வேட்பாளர். 1997இல் ஆளுநர் பதவிக்கும் 2018இல் செனட்டுக்கும் அக்கட்சியின் சார்பில் நின்றார். இடையில் 2000, 2008, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் கேட்டது குடியரசுக் கட்சியின் செனட் வேட்பாளர் இடத்தை. மூன்று முறையும் அக்கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

நாஜி இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்த பெற்றோருக்கு 1946இல் ஜெர்மனியில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா வந்தவர் அவர். அரசின் கை நீளுவதைக் குறித்து அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவருக்கு இருக்கும் அச்சம் நூல்களிலிருந்து மட்டும் வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். பொருளியலில், சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்னும் ஆஸ்திரியச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர். 1990களின் நடுவில் வரியே இல்லாத அமெரிக்காவுக்காக வாதிட்டு ஒரு நூல் எழுதினார். இத்தகையவர் அரசுக் கல்லூரியில் சம்பளம் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அரசுப் பேருந்தில் ஏறியவர் அரசைக் குறை சொல்லக் கூடாது என்பதைப் போன்ற வாதம் இது. எனக்கு இதில் பெரிய பொருள் தெரியவில்லை. உண்மையான முரண் வேறோர் இடத்தில் இருக்கிறது.

ஆளுநர் தேர்தலுக்கு அரசுப் பணத்திலிருந்து நிதி தரும் முறையை 1977இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்து அமெரிக்க மாநிலங்களுக்கு முன்னோடியாக இருந்தது நியூ ஜெர்சி. வேட்பாளர் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாமே திரட்டிக் காட்டிவிட்டால், அதன்பின் அவர் பெறும் நன்கொடையில் ஒவ்வொரு டாலருக்கும் மாநில அரசு இரண்டு டாலர் சேர்த்துத் தரும். அதிகாரபூர்வமான தொலைக்காட்சி விவாதங்களிலும் அவருக்கு இடம் கிடைக்கும். 1997இல் அந்த வரம்பு 2,10,000 டாலர். இரு பெரிய கட்சிகளுக்கு வெளியிலிருந்து அந்த வரம்பை முதன்முதலில் எட்டியவர் சாப்ரின்தான். எனவே அப்போதைய ஆளுநரான குடியரசுக் கட்சியின் கிறிஸ்டின் டாட் விட்மனுக்கும் ஜனநாயகக் கட்சியின் ஜிம் மெக்ரீவிக்கும் நடுவே ஒரு நிதியியல் பேராசிரியரும் மேடையில் நிற்க முடிந்தது. வரியே கூடாது என்றவருக்கு ஒலிவாங்கி வாங்கித் தந்தது வரிப்பணம். ஏற்கெனவே வசூலித்துவிட்ட பணத்தை எதிராளி மட்டும் ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஒரு லிபர்டேரியன் கேட்கக்கூடும். அதை நான் மறுக்க மாட்டேன். ஆயினும் அவருடைய ஐந்து தேர்தல்களில் மாநிலம் முழுவதும் அவர் குரல் கேட்ட ஒரே தேர்தல் அரசு பணம் கொடுத்த தேர்தல்தான் என்பதை அவருடைய அனுதாபிகள் மறந்துவிடக் கூடாது.

அந்த மேடை வெறும் அலங்காரமாகவும் இருக்கவில்லை. அவ்வாண்டு மக்கள் கோபத்தின் மையம் வாகனக் காப்பீட்டுக் கட்டணமும் வீட்டு வரியும். விட்மன் வருமான வரியைக் குறைத்திருந்தார். அதே வேளையில் ஓய்வூதிய நிதியின் பற்றாக்குறையை நிரப்ப ஏறத்தாழ 280 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை மாநிலம் வெளியிட்டது. இன்றைய வரிக்குறைப்பு நாளைய கடனாக வந்து நிற்கும் என்பது நிதியியல் வகுப்பின் முதல் மாதப் பாடம். கருக்கலைப்பு விவகாரத்தில் விட்மன் மீது அதிருப்தி கொண்டிருந்த பழமைவாதிகளிலும் ஒரு பகுதியினர் சாப்ரின் பக்கம் திரும்பினார்கள். முடிவில் அவர் பெற்றது ஏறத்தாழ 1,14,000 வாக்குகள், அதாவது 4.7 சதவீதம். விட்மன் மெக்ரீவியை வென்றதோ சுமார் ஒரு சதவீத வித்தியாசத்தில். நீங்கள் சொல்லும் ‘ஓட்டைப் பிரித்தல்’ நடந்தது உண்மை. ஆனால் முடிவு மாறவில்லை. அந்த வாக்காளர்கள் யாருக்குப் போட்டிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே உரிமை கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

இனி, வெற்றி வாய்ப்பு பூஜ்யமாக இருக்கும்போது ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வி. தோல்விக்கும் விலை உண்டு. அந்த விலையை ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமும் வெவ்வேறாக நிர்ணயிக்கிறது. வட கரோலினாவில் 2008இல் ட்யூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் மங்கர் இதே லிபர்டேரியன் கட்சியின் சார்பில் ஆளுநர் பதவிக்கு நின்றார். அவர் பெற்றது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அங்கே இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் கட்சிக்கு அங்கீகாரம் தொடரும். அடுத்த தேர்தலுக்காகப் பல்லாயிரம் கையொப்பங்களைத் தெருத்தெருவாகத் திரட்ட வேண்டியதில்லை. அந்தத் தோல்வி கட்சிக்குக் கைமேல் பலன் தந்தது. நியூ ஜெர்சியிலோ அங்கீகாரம் பெற, மாநிலப் பேரவைத் தேர்தலில் பதிவாகும் மொத்த வாக்குகளில் பத்து சதவீதம் வேண்டும். ஆளுநர் தேர்தலில் ஒருவர் எவ்வளவு வாங்கினாலும் அது இந்தக் கணக்கில் சேராது. மங்கரைவிட அதிகச் சதவீதம் வாங்கியும் சாப்ரின் தம் கட்சிக்கு நிலையாக எதையும் ஈட்டித் தர முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

எனவே 1997க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்குள் போய்ப் பார்ப்போம் என்று அவர் முடிவெடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். டெக்சாஸ் மருத்துவர் ரான் பால் நடந்த பாதையும் அதுதான்: 1988இல் லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளர், பின்னர் குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர். 2008இல் அவர் சாப்ரினை வெளிப்படையாக ஆதரித்தார். அப்படியும் சாப்ரினால் மூவரில் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. 2000இலும் 2014இலும் நால்வரில் நான்காவது. இங்கே அவருக்கு எதிராக இருந்தது கொள்கை மட்டுமில்லை. உங்கள் மாநிலத்தின் பெரும்பாலான கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், உட்கட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டே அப்போது ஒரு விசித்திரம்: உள்ளூர்க் கட்சித் தலைமை ஆதரித்த வேட்பாளர்களெல்லாம் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் நின்றார்கள், தலைமையின் ஆசி இல்லாதவர் தனியாக ஏதோ ஓர் ஓரத்தில் கிடந்தார். அந்த ஓரத்திலிருந்த பெயரைத் தேடிப் பிடித்து வாக்களிக்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

விளம்பர ஆசை என்கிறீர்கள். மேடை ஆசை இல்லாத பேராசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை என்பதால் அதை முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் விளம்பரம் தேடுபவர் 1997இன் 4.7 சதவீதத்தை வைத்தே காலம் தள்ளியிருப்பார். 71 வயதில் மறுபடியும் நின்று ஒரு சதவீதத்தைக்கூட எட்டாமல் போக மாட்டார். எனக்குப் படும் குறை வேறு. ஐந்து முறையும் மாநிலம் முழுவதும் வாக்குக் கேட்கும் பெரிய பதவிகளையே குறிவைத்தார். வீட்டு வரி தீர்மானிக்கப்படும் நகரசபையும் பள்ளி வாரியமும் நியூ ஜெர்சியில் நூற்றுக்கணக்கில் உள்ளன. சில நூறு வாக்குகள் அங்கே முடிவை மாற்றும். வரவு செலவுக் கணக்கை வரிவரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் அப்படியோர் அவையில் நான்காண்டுகள் உட்கார்ந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம்.

நான் சொன்ன அந்த ஒற்றை வரிசை வாக்குச்சீட்டை எதிர்த்து 2024இல் நீதிமன்றம் சென்றவர் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி கிம். அவ்வாண்டு ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி அந்த வாக்குச்சீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சி நீதிபதி தடை விதித்தார். கிம் அதில் வென்று, நவம்பரில் செனட்டுக்கும் தேர்வானார். அவர் இப்போது அமர்ந்திருப்பது, 2018இல் நீங்கள் சாப்ரினின் பெயரைப் பார்த்த அதே வாக்குச்சீட்டு நிரப்பிய இடத்தில்தான்.