இன்ஜினியரிங் சீட்டுக்கு முன் அவள் நோட்டைப் பாருங்கள்

ஆச்சி, தேவகோட்டையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகள் பிளஸ் டூ. பள்ளி நாடகத்துக்கு உடையும் ஒப்பனையும் செய்ததிலிருந்து அதையே படிப்பேன் என்று நிற்கிறாள். அம்மானோ சென்னையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட்டு பேசி வைத்திருக்கிறார். பங்காளிகள் என்ன சொல்வார்களோ என்று உங்களுக்குத் தூக்கமில்லை.

போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த சீட்டு வேண்டாம். பிடிக்காத படிப்புக்கு நகையை அடகு வைத்தால், பிள்ளை பாதியில் நின்றாலும் வட்டி நிற்காது.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். நாடகம், கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மா போனவர் கதை. வீட்டுப் பழைய போட்டோக்களைப் பார்த்துப் படம் வரைந்து, பக்கத்திலேயே துணித்துண்டு ஒட்டியிருக்கிறாள். எந்தக் காட்சியில் யார் எதை உடுத்துகிறார்கள், மாற்ற எத்தனை நிமிடம் என்று தனி அட்டவணை. கண்டாங்கிச் சேலை கனமான துணி, அவசரத்தில் கட்ட வராது. அதனால் கொசுவத்தை முன்பே தைத்து, இடுப்பில் வெல்க்ரோ வைத்திருக்கிறாள். கிழவியாக நடிக்கும் பிள்ளைக்கு முகம் முழுக்கக் கோடு இழுக்கவில்லை. முகத்தைச் சுளிக்கச் சொல்லி, மடிப்பு விழும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம், ஒட்டினாற்போல் வெளிர் நிறம். பச்சை விளக்கில் உதட்டுச் சிவப்பு கருத்துப்போவதையும் குறித்திருக்கிறாள். இதையெல்லாம் விளையாட்டு என்று சொன்னது யார்?

ஃபேஷன் டிசைன் பற்றி எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி. மூன்று வருடப் படிப்பு, உதவித்தொகையும் உண்டு. அங்கே மேடை வடிவமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். உடை, ஒப்பனை, ஒளி எல்லாம் அதற்குள் வரும். சேர ஒரு டிகிரி வேண்டும், குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவம் வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிய வேண்டும். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. கிடைக்காவிட்டால் புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை முதுகலை இருக்கிறது.

ஆகவே இப்போது காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பிடித்த ஒரு பாடம். செலவு கையைக் கடிக்காது. அந்த மூன்று வருடத்தில் ஆறு நாடகம், கூடவே இந்தி. லட்சக்கணக்கில் கேட்கும் மேக்கப் அகாடமி பக்கம் இப்போது தலைவைக்க வேண்டாம்.

'பொம்பளைப் பிள்ளைக்கு மேக்கப் வேலையா' என்கிறாராமே அம்மான்? மும்பை சினிமா சங்கமும் ரொம்ப நாள் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் கார்டு தராமல் இருந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. வருமானம் முதல் சில வருடம் ஒழுங்காக வராது, அதை மறைக்கவில்லை. நாட்டிய அரங்கேற்றம், கல்யாணம், சீரியல் என்று கை பழகப் பழக வேலை சேரும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிடித்தது இந்த வேலையா, மேடைக் கைதட்டலா? பங்குனித் திருவிழாவில் பக்கத்து ஊரில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால், ஒப்பனை செய்பவரிடம் கேட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். விடிய விடிய நடக்கும், நீங்களும் துணைக்குப் போங்கள். காலையில் வேர்வை ஊறிய உடைகளை மடித்து வைக்கும்போதும் அவளுக்குச் சலிக்கவில்லை என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், கல்லூரி விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.