கேளுங்கள், சொல்கிறேன்: அறை அழகுதான், ஜன்னல் எங்கே?

இரண்டு மூன்று நாளுக்கு ஒரு நகரத்துக்குப் போகிறோம், தங்கும் இடமும் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டும், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்ட கடிதங்களை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூர் வாசகி: கல்யாணமாகிப் பத்து வருடம். பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நானும் அவரும் மூன்று இரவு சிங்கப்பூர் போகிறோம். லிட்டில் இந்தியா பக்கம் பழைய கடைவீட்டை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், கறுப்புச் சுவர், பித்தளை விளக்கு, படங்கள் அள்ளுகின்றன. ஆனால் அதே ஹோட்டலில் ஓர் அறை மட்டும் ரொம்பக் குறைந்த வாடகைக்குக் காட்டுகிறது. ஏதாவது வில்லங்கமா?

வில்லங்கம் இல்லை, ஜன்னல் இல்லை. அந்த அறையின் படங்களை இன்னொரு தரம் பாருங்கள். கட்டில், விளக்கு, தலையணை எல்லாம் இருக்கும், திரைச்சீலை மட்டும் ஒரு படத்திலும் இருக்காது.

கடைவீடு என்பது கீழே வியாபாரம், மேலே குடித்தனம் என்று கட்டியது. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக ரயில் பெட்டி மாதிரி நீளம், இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை. வெளிச்சம் வர மூன்றே வழி: தெருப்பக்கம், கொல்லைப்பக்கம், நடுவில் நம் ஊர் முற்றம் போல வானம் பார்த்த ஒரு திறப்பு. அந்த நீளத்தை அறை அறையாகத் தடுத்தால் முன்னால் இரண்டு பேருக்கும் பின்னால் இரண்டு பேருக்கும் ஜன்னல் கிடைக்கும், நடுவில் மாட்டியவர்களுக்குப் பித்தளை விளக்குதான் சூரியன். ஹோட்டல்காரர்கள் இதை மறைப்பதில்லை, அறை விவரத்தில் கடைசி வரியில் போட்டிருப்பார்கள், நாம்தான் படம் பார்த்த மயக்கத்தில் அதுவரை போவதில்லை. 'ஜன்னல் உண்டு' என்று போட்டிருந்தாலும் அது வெளியே பார்க்கிறதா, ஹோட்டலின் உள்நடையைப் பார்க்கிறதா என்று ஒரு மின்னஞ்சல் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், பட்டவன் நான். அந்தப் பேட்டையிலேயே ஒரு ஹோட்டல், பெயர் வேண்டாம். முதல் நாள் கண் விழித்தபோது கும்மிருட்டு. இன்னும் விடியவில்லை என்று திரும்பிப் படுத்தேன், அப்புறம் எழுந்து போனைப் பார்த்தால் மணி பத்து இருபது. காலை உணவு முடிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்குக் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே வெறும் கண்ணாடி, கதவு என்று ஒன்று இல்லவே இல்லை. கூட வந்தது என் மைத்துனர். இரண்டு நாளும் ஒருவர் குளிக்கும்போது மற்றவர் கீழே போய்த் தெருவை வேடிக்கை பார்த்தோம். உங்களுக்குப் பத்தாவது கல்யாண நாள், கண்ணாடி பிரச்சினை இல்லாமல் இருக்கலாம், ஜன்னல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்.

தெருப்பக்க அறைக்கும் ஒரு விலை உண்டு, சத்தம். லிட்டில் இந்தியாவில் ஞாயிறு சாயங்காலம் விடுமுறைக்கு வந்த தொழிலாளர் கூட்டம் தெருவை நிரப்பிவிடும். எனக்கு அது பிடிக்கும். சீக்கிரம் தூங்குகிறவர் என்றால் கொல்லைப்பக்க அறை கேளுங்கள்.

வாடகை விஷயம் ஒன்று. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் ஒன்பது சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று நினைத்தது 119 வெள்ளி 90 காசாக வந்து நிற்கும்.

கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்றால் ராபர்ட்சன் கீ பக்கம் வேர்ஹவுஸ் ஹோட்டலைப் பாருங்கள். 1895-ல் ஆற்றங்கரையில் கட்டிய கிடங்கு, இன்று 37 அறைகள். ஃபுல்லர்டன் ஹோட்டல் 1928-ல் கட்டியது, ஒரு காலத்தில் தலைமைத் தபால் நிலையம், அரசாங்கக் கட்டடத்துக்கே உரிய பெரிய தூண்களைப் பார்த்தால் சட்டை பொத்தானைச் சரிசெய்யத் தோன்றும். பழசே வேண்டாம் என்றால் அப்பர் பிக்கரிங் தெருவில் பார்க்ராயல், 2013-ல் திறந்தது. மாடிக்கு மாடி தோட்டம், மொத்தம் 15,000 சதுர மீட்டர் பச்சை. நானாக இருந்தால் இரண்டு இரவு கடைவீட்டில் ஜன்னல் உள்ள அறை, கடைசி இரவு மட்டும் இந்த மூன்றில் ஒன்று.

சேலம் வாசகர்: சிங்கப்பூரில் மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் மொட்டைமாடி நீச்சல் குளத்தில் ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்பது மனைவியின் ஆசை. அங்கே தங்காமல் டிக்கெட் வாங்கிப் போக முடியாதா?

முடியாது. 57-வது தளத்துக் குளம் தங்குகிறவர்களுக்கு மட்டும். டிக்கெட் வாங்கினால் அதே உயரத்தில் பார்வைமாடத்துக்குப் போகலாம், குளத்துக்கு வழி இல்லை. ஆகவே ஒரே ஓர் இரவு அங்கே போடுங்கள். பெட்டியை மதியத்துக்கு முன்பே கொடுத்துவிட்டு, அறை கிடைத்தவுடன் குளத்துக்குப் போய், மறுநாள் விடிகாலை இன்னொரு தரம் போய்விட்டு வாருங்கள். விடிகாலையில்தான் போட்டோவில் அடுத்தவர் முழங்கை வராது.

தாம்பரம் வாசகர்: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. மூன்று பேரும் காரில் புதுச்சேரி போய் இரண்டு நாள் பழைய காலத்து வீடு மாதிரி ஹோட்டலில் தங்க ஆசை. ஒயிட் டவுனா, தமிழர் பகுதியா?

அம்மா வருகிறார் என்றால் முதல் கேள்வி படிக்கட்டு, மற்றதெல்லாம் அப்புறம். பழைய வீடுகளில் லிஃப்ட் இருப்பது அபூர்வம். கீழ்த்தளத்தில் இரண்டோ மூன்றோ அறைகள்தான் இருக்கும், அவையும் முதலில் போய்விடும். 'கீழ்த்தள அறை உறுதியா, தெருவிலிருந்து அறை வரை எத்தனை படி, குளியலறை வாசலில் உயரமான நிலைப்படி உண்டா' என்று மூன்றையும் போனில் கேளுங்கள். திண்ணை ஏறுவதற்கே நாலு படி இருக்கும் வீடுகள் உண்டு. 'கீழ்த்தளம்தான் சார்' என்பார்கள், அந்த நாலு படியைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

ஒயிட் டவுன், அதாவது பழைய பிரெஞ்சுக்காரர் பகுதி, கடற்கரைக்குப் பக்கம். மஞ்சள் சுவர், உயரமான மதில், உள்ளே காகிதப்பூ, எல்லோரும் போட்டோ எடுக்கும் இடம் அதுதான். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். நடக்க அருமை, ஆனால் கார் வைத்திருப்பவர் ஹோட்டல் அந்தச் சாலையிலேயே இருந்தால் எந்த வழியாக உள்ளே வருவது, எங்கே நிறுத்துவது என்று கேட்டுவிட்டுப் போகவேண்டும்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதி. வைசியாள் தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். தெருவோரம் தாழ்வாரம், உள்ளே திண்ணை, அப்புறம் முற்றம். சில வீடுகளில் கீழே முழுக்கத் தமிழ் வீடு, மேல் மாடி மட்டும் வளைவு ஜன்னலும் சுண்ணாம்பு வேலைப்பாடுமாகப் பிரெஞ்சு, மாப்பிள்ளை வேட்டி கட்டி மேலே கோட் போட்டுக்கொண்ட மாதிரி. பெருமாள் கோயில் தெருவில் மேசான் பெருமாள் இந்த வகை வீடுதான், ஹோட்டலாக இருக்கிறது. முற்றத்தைச் சுற்றித்தான் அறைகள் என்பதால் ராத்திரி பத்து மணிக்கு எதிர் அறைக்காரர் போனில் பேசினால் உங்களுக்கும் முழு விவரம் தெரிந்துவிடும், அது முற்றத்தோடு பிறந்த குணம். அம்மாவுக்கு அது பழக்கம்தான், நமக்குத்தான் மறந்துபோயிற்று.

போர்டில் 'ஹெரிடேஜ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். சுற்றுலாத் துறை அந்த வகைச் சான்று தருவதற்கு 1950-க்கு முன்னால் கட்டிய கட்டடமாக இருக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. போர்டு எழுதுகிறவருக்கு அப்படி விதி ஏதும் இல்லை. போன வருடம் பூசி, அதன் மேல் மஞ்சள் அடித்த சிமெண்ட் கட்டடமும் ஹெரிடேஜ்தான். கட்டிய வருடம் கேளுங்கள், இழுத்தால் புரிந்துகொள்ளுங்கள்.

வாடகை 7,500 ரூபாய் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் 7,400 என்றால் ஐந்து சதவீத வரியோடு 7,770. அதுவே 7,600 என்றால் வரி பதினெட்டு, பில் 8,968. 200 ரூபாய் வித்தியாசம் 1,198 ரூபாயாகப் பெருத்துவிடுகிறது. கொஞ்சம் பேசினால் அவர்களே கோட்டுக்குக் கீழே இறக்கித் தருவதும் உண்டு.

சிக்கனமாக வேண்டும் என்றால் கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸ். டிவி கிடையாது, மது கிடையாது, இரவு பத்தரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், ஆனால் ஜன்னலைத் திறந்தால் நேரே கடல். பாதிப் பேர் இதைக் கேட்டவுடன் வேண்டாம் என்பார்கள். உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

மதுரை வாசகர்: ஆபீஸ் வேலையாக டோக்கியோ போகிறேன். வேலை முடிந்து நாலு நாள் சொந்தமாகச் சுற்றப்போகிறேன். கேப்சூல் ஹோட்டல் எப்படி? ஆறடி உயரம் நான்.

ஒரு ராத்திரிக்கு நிச்சயம், நாலு ராத்திரிக்கு வேண்டாம். அறை என்று ஒன்று கிடையாது, அடுக்கி வைத்த பெட்டிகளில் ஆளுக்கு ஒன்று, அதற்குள் ஒரு படுக்கை. ஸ்லீப்பர் பஸ்ஸில் மேல் பெர்த்தில் மதுரையிலிருந்து பெங்களூர் போயிருப்பீர்கள் இல்லையா, அதைவிடச் சுத்தம், குலுங்காது, சுமார் இரண்டு மீட்டர் நீளம் என்பதால் ஆறடியும் அடங்கும். எழுந்து நிற்க முடியாது, உட்காரலாம். பெரும்பாலும் கதவு பூட்டாது, திரை மட்டும் இழுத்துக்கொள்ளவேண்டும், அதனால் பாஸ்போர்ட்டும் பணமும் லாக்கருக்குள். அந்த லாக்கர்தான் சிக்கல். நம் ஆட்கள் கொண்டுபோகும் 28 அங்குலப் பெட்டி அதில் நுழையாது, ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு இரண்டு நாளுக்கான துணியை ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இரண்டு இரவு பதிந்திருந்தாலும் காலையில் சாமானோடு வெளியேறி மாலையில் திரும்ப வரவேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேப்சூல் ஹோட்டல் 1979-ல் ஒசாகாவில் வந்தது, வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. கடைசி ரயிலைத் தவறவிட்ட ஆபீஸ்காரர் விடியும்வரை தலை சாய்க்க வந்துபோகும் இடம். 'நைன் ஹவர்ஸ்' என்று ஒரு நிறுவனம் பெயரிலேயே கணக்கைச் சொல்லிவிட்டது: குளிக்க ஒன்று, தூங்க ஏழு, கிளம்ப ஒன்று. பத்தாவது மணி நேரத்தில் அங்கே உங்களுக்கு வேலை இல்லை. டோக்கியோ வரை போகாமலே ருசி பார்க்க வேண்டுமென்றால் மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் 2021-ல் 48 கேப்சூலோடு ஒன்று திறந்தார்கள்.

நாகர்கோவில் வாசகி: மகள் ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறாள். நாங்கள் வரும்போது அவள் வீட்டில் இடம் போதாதாம், பக்கத்தில் பழைய ஜெயிலை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், அங்கே தங்குங்கள் என்கிறாள். ஜெயிலில் போய்ப் படுக்கவா அம்மா விமானம் ஏறவேண்டும்?

மகள் சொல்வது லோங்ஹோல்மென். நகரத்துக்குள்ளேயே ஒரு தீவு. ஜெயில் 1975-ல் மூடியது, 1989-லிருந்து ஹோட்டல். வெளியே இறங்கினால் தண்ணீரும் மரமும், நடை போக நல்ல இடம். உள்ளே அறை என்பது பழைய கொட்டடிதான், சின்னது, ஜன்னல் உயரத்தில் இருக்கும், சில அறைகளில் இரண்டடுக்குக் கட்டில். உங்கள் வீட்டுக்காரரை மேல் கட்டிலில் ஏற்றாமல் இருக்க வேண்டுமானால் அதை முன்பே சொல்லிப் பதியுங்கள். ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள், கூடவே ஜெயில் மியூசியமும் இருக்கிறது. ஊர் திரும்பி 'உள்ளே இருந்துவிட்டு வந்தேன்' என்று சொல்ல வேறு எங்கே வாய்ப்பு.

காரைக்குடி வாசகர்: பினாங்கில் நீல நிற மாளிகை ஒன்றில் தங்கலாம் என்கிறார்கள். எங்கள் ஊரிலேயே மாளிகைக்குப் பஞ்சமில்லை. அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

ஜார்ஜ் டவுன் லீத் தெருவில் சியோங் ஃபாட் சீ என்ற சீன வணிகர் கட்டியது. 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள். கோயம்புத்தூர் வாசகி கவனிக்கவும். அந்த நீலம் டப்பா பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பில் அவுரி கலந்தது, அந்தக் காலத்தில் அவுரி இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி போடுகிறார்களே, அதே செடி. தங்க விடுவது சில அறைகளைத்தான், கிடைக்காவிட்டால் டிக்கெட் எடுத்து உள்ளே சுற்றிப் பார்க்கலாம். காரைக்குடிக்காரர் நீங்கள் முற்றத்துத் தூணைத் தட்டிப் பார்க்காமல் வரமாட்டீர்கள் என்று தெரியும்.

திருநெல்வேலி வாசகி: ஜப்பானில் ரோபோ வரவேற்கும் ஹோட்டல் இருக்கிறதாமே, நிஜமா? நானும் அவரும் போகலாமா?

நிஜம்தான். ஹென்னா ஹோட்டல், 2015-ல் நாகசாகி பக்கம் திறந்தார்கள், ரிசப்ஷனில் டைனோசர் ரோபோ நின்று குனிந்து வணக்கம் சொல்லும். 2019-க்குள் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அதில் அறைக்குள் கட்டிலோரம் வைத்திருந்த பொம்மை ரோபோவும் ஒன்று. ஒருவர் தூக்கத்தில் குறட்டை விட, அது ஏதோ கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அவரை எழுப்பி எழுப்பி 'மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்றிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை.